வூஹானில் படித்த பிள்ளை

வுப்பர்டாலில் இருக்கிற தமிழ்க் கடைக்குள் நுழைந்து, முருங்கைக்காயையும் தேங்காய்ப்பாலையும் எடுத்துக்கொண்டு, யாரும் மறிக்காமல் வெளியே வர ஆதிரையால் ஒருநாளும் முடிந்ததில்லை. ஒருவருக்கு நாரி பிடித்து இடுப்பு நிமிராது, இன்னொருவருக்குக் கழுத்துத் திரும்பாது. அன்றைக்கு மறித்தவர் ஜேசுரட்ணம். அவளுடைய அப்பாவோடு ஒரே விமானத்தில் பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அன்றிலிருந்து போன வருடம் ஓய்வு எடுக்கும்வரை முழங்காலில் நின்று அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளுக்கு மாபிள் பதித்தவர். உறைந்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில், சனம் பார்க்கப் பார்க்க, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டத் தொடங்கினார்.

"பிள்ளை, நீ சீனாவில படிச்சனீதானே. இதுக்கு ஒரு ஊசி குத்திவிடு பாப்பம்."

"மாமா, நான் ஊசி வைத்தியம் படிக்கேல்லை. நான் படிச்சது இஞ்ச எல்லாரும் படிக்கிற இங்கிலீசு வைத்தியம். நீங்கள் உங்கட குடும்ப டொக்டரிட்டப் போய்க் காட்டுங்கோ."

"இங்கிலீசு வைத்தியம் படிக்க ஏன் பிள்ளை சீனாவுக்குப் போனனீ?"

"மாமா, காற்சட்டையை இறக்குங்கோ. நான் இன்னும் டொக்டர் இல்லை. இப்ப உங்கட காலைத் தொட்டனெண்டால் என்னைத்தான் பிடிப்பினம்."

ஜேசுரட்ணம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம்தான் அவளுக்குத் தாங்க முடியாதது. ஆறு வருடம் சீன மொழியில் உடற்கூற்றியலும் நோயியலும் படித்து, வூஹானின் கோடை வெயிலில் விடுதிக் கட்டிலில் அவிந்து, பிணவறையில் தலைசுற்றி விழுந்து எழும்பி, பட்டத்தோடு வந்தவள் அவள். கடைச் சனத்துக்கு அவள் ஊசி குத்துகிற பிள்ளை. முருங்கைக்காயை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

ஆதிரை பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊரில், தொங்கும் ரயில் சன்னலோரமாக ஓடும் ஒரு மூன்றாம் மாடியில். அப்பா இராசலிங்கம் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மா சுந்தரேஸ்வரி முதியோர் இல்லத்துச் சமையலறையில். மகள் டொக்டராவாள் என்பது அவள் பிறந்த அன்றே வீட்டில் தீர்மானமாகிவிட்ட சங்கதி, மகளிடம் கேட்பதற்கு இடையில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நல்லகாலம், அவளுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளிகள் மயிரிழையில் கைவிட்டன. ஜெர்மனியில் மருத்துவம் படிக்க வேண்டுமானால் புள்ளி வேண்டும், அல்லது வருடக்கணக்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அவளிடம் இரண்டும் இருக்கவில்லை. சீன அரசின் உதவிப்பணம் ஒன்று கிடைத்தது. போய்விட்டாள்.

அங்கே அவள் கற்றதில் பாதி, பாடப்புத்தகத்தில் இல்லாதது. பேராசிரியர் ஷியூ என்று ஒருவர் உள்நோய் மருத்துவம் கற்பித்தார். மெலிந்த மனிதர், கையில் எந்நேரமும் சுடுநீர்க் குடுவை இருக்கும். அவள் ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிறாள் என்று அறிந்ததும், வகுப்பு முடிந்த கையோடு கண்ணாடி அலுமாரி ஒன்றின் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே பழுப்பேறிய ஓர் உடற்கூற்றியல் புத்தகம். ஜெர்மன் மொழியில்!

அந்தக் கல்லூரியை ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழில் ஷங்காயில் தொடங்கியவர்கள் ஜெர்மன் வைத்தியர்கள். சீனப் பிள்ளைகள் முதலில் ஜெர்மன் மொழியைப் படித்து, அதன் பிறகுதான் அதிலேயே மருத்துவம் படித்தார்கள். ஜப்பானியக் குண்டுகள் கட்டடத்தைத் தரைமட்டமாக்கியபோது மாணவர்களும் ஆசிரியர்களும் நுணுக்குக்காட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுக்கு நகர்ந்தார்கள். ஐம்பதுகளில் கல்லூரி வூஹானுக்கு இடம்பெயர்ந்தது. அப்போது பாடத்திட்டம் சோவியத் பாணிக்கு மாறியது. புது மருத்துவம் படிப்பவர்களும் பழைய சீன மருத்துவத்தில் கொஞ்சமாவது படித்தாக வேண்டும் என்ற விதி வந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு கலாசாரப் புரட்சி. நுழைவுத் தேர்வை நிறுத்தினார்கள், படிப்பை மூன்று வருடமாகக் குறுக்கினார்கள். கிராமத்து இளைஞர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து மருந்துப் பெட்டியைக் கையில் தந்து அனுப்பினார்கள். ஷியூவும் அப்படி அனுப்பப்பட்டவர். வயல் வரம்பில் நடந்து போய்ப் பிரசவம் பார்த்தவர், நுழைவுத் தேர்வு திரும்பி வந்தவுடன் எழுதித் தேறி, மருத்துவத்தை முதலாம் வருடத்திலிருந்து படித்தார்.

"என் ஆசிரியர்களுக்குக் கோபம் வந்தால் ஜெர்மனில்தான் திட்டுவார்கள்," என்று அவர் சிரித்தார். "நாங்கள் உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்துப் படித்தோம். நீ எதிர்த்திசையில் வந்திருக்கிறாய்."

அவளுக்கு அப்போது அது பெருமையாக இருந்தது. போகிற இடமும் சொந்த வீடு மாதிரித்தான் என்று நினைத்தாள். இளமை, வேறென்ன.

பட்டத்தோடு திரும்பி வந்து ஆறு மாதத்தில் வூஹான் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை "எங்க படிச்சனீ?" என்று கேட்டுவிட்டு மறந்துபோனவர்கள், இப்போது கேட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். கோவிலில் ஒரு அக்கா தன் பிள்ளையை இழுத்து மறுபக்கம் நிறுத்தினாள். அதைக்கூடப் பொறுக்கலாம். ஜெர்மனியில் வைத்தியராக வேலை செய்ய அப்ரோபாட்சியோன் என்ற அரச அனுமதி வேண்டும். அதற்கு வூஹானில் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் மணிக்கணக்கு வேண்டும், அதில் முத்திரை வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், அந்த மொழிபெயர்ப்பிலும் முத்திரை வேண்டும். முத்திரை குத்துகிற ஊரோ பூட்டிக் கிடந்தது. தொலைக்காட்சியில் தினமும் ஒரு அமைச்சர் வந்து வைத்தியர் போதாது, தாதியர் போதாது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஆதிரை ஒரு டிஸ்கோவின் கார் நிறுத்துமிடத்தில் கூடாரத்துக்குள் நின்று சனத்தின் மூக்குக்குள் பஞ்சுக்குச்சி விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கு ஒரு பின்னேரப் பயிற்சி போதும். பக்கத்துக் கூடாரத்தில் நின்றவன் அதுவரை மதுக்கடையில் கிளாஸ் கழுவியவன், அவனும் அவளும் ஒரே சம்பளம்.

பத்திரங்கள் வந்து, அன்ராக் என்கிற விண்ணப்பம் கொடுத்து, அது யாரோ ஒருவருடைய மேசையில் ஊறி, பதில் வந்தபோது இன்னும் சில வருடங்கள் ஓடிவிட்டன. பதிலைச் சமையலறையில் நின்று வாசித்தாள். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"சமமில்லையாம்."

"எது?"

"என்ர படிப்பு, அம்மா! சீன மருத்துவம் எண்டு ஒரு பாடம் கட்டாயமாப் படிச்சனாங்கள்தானே. நாக்கைப் பாக்கிறது, நாடி பாக்கிறது, ஆளுக்காள் கையில ஊசி குத்திப் பழகினது. அது மருத்துவமே இல்லையாம், அந்த மணித்தியாலங்களை அப்பிடியே வெட்டிப்போட்டினம். சரி, வெட்டினதை வெட்டட்டும். கீழ என்ன எழுதியிருக்கினம் எண்டு கேளுங்கோ. இயற்கை வைத்திய முறைகளில எனக்குப் படிப்புக் காணாதாம்!"

அம்மா கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "அதுவும் இதுவும் ஒண்டுதானே பிள்ளை?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். இன்னும் இருக்கு. மருத்துவத்தின்ர வரலாறும் காணாதாம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவை அடித்துச் சாத்தினாள். உள்ளே முட்டைகள் உருண்டன. வரலாறாம்! ஜெர்மன்காரர் கட்டிய கல்லூரியில், ஜெர்மன் புத்தகத்தின் முன்னால் நின்று அந்த வரலாற்றைக் கேட்டு வந்தவளுக்கு! அடுத்த நாள் அனுமதி வழங்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஃப்ராவ் கெல்னர் என்ற அதிகாரிக்கு ஷங்காயிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னாள். மறுபக்கம் பொறுமையாகக் கேட்டது. மிகவும் சுவாரசியமான தகவல் என்றது. பிறகு, இரண்டு வழிதான், விடுபட்டதை நிரப்பப் புதிய சான்றுகள் தரலாம், அல்லது அறிவுத் தேர்வு எழுதலாம் என்றது. தேர்வு என்றால் ஒரு மருத்துவமனையில் உண்மையான நோயாளியை வைத்து, மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்து கேட்பது. தவறினால் திரும்ப எழுத இரண்டே வாய்ப்பு. அதுவும் போனால் ஜெர்மனியில் வைத்தியராகும் கதை முடிந்தது. சரி, தேர்வுதான் என்றாள். நீண்ட வரிசை, காத்திருங்கள் என்றார்கள்.

காத்திருந்தாள். பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, மிச்ச நேரமெல்லாம் படிப்பு. கடைசியில் ஒரு வழியாகத் தேர்வுக்கு டெர்மின், நாளும் நேரமும் குறித்த தாள், வந்தது. அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினாள். வீட்டில் எல்லாரும் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தார்கள்.

இராசலிங்கத்தால் மட்டும் பொறுக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை மருத்துவக் கல்லூரிக்குள் காலை வைத்தாலே போதும், பக்கத்து வீட்டார் அன்றைக்கே டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். தன் மகள் பட்டம் வாங்கி இத்தனை வருடமாகியும் வீட்டு வாசலில் ஓர் அடையாளம் இல்லை என்பது அந்த மனிதரை அரித்துக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் எழுத்து வெட்டும் இயந்திரம் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பித்தளைத் தகடு செய்தார். வேலை முடிந்து வந்த ஆதிரை, கீழே அழைப்புமணிக்குப் பக்கத்தில் அது மினுங்குவதைக் கண்டு படியிலேயே நின்றுவிட்டாள். டாக்டர் மெட். ஆதிரை இராசலிங்கம். எழுத்து ஒவ்வொன்றும் அவ்வளவு நேர்த்தி.

"அப்பா, உதை இப்பவே கழட்டுங்கோ!"

"ஏன், எழுத்தில பிழையோ?"

"எழுத்தில இல்லை, எல்லாத்திலயும் பிழை. இஞ்ச டாக்டர் எண்டு போடுறதுக்கு ஆராய்ச்சி செய்து தனிப் பட்டம் எடுக்கோணும். வைத்தியர் எண்டு சொல்லுறதுக்கு அனுமதி எடுக்கோணும். என்னட்ட ரெண்டும் இல்லை. இது குற்றம் அப்பா, பொலிஸ் வாற குற்றம்."

"ஆர் வந்து பாக்கப்போறாங்கள்? கொப்பன் ஆசைக்குப் போட்டது."

"கழட்டுங்கோ எண்டுறன்!"

"சரி, சரி. திருகாணிச் சாவி வேலையில கிடக்கு. நாளைக்குக் கழட்டுறன்."

நாளைக்கு என்பது அந்த வார முடிவு வரைக்கும் நீண்டது. ஆதிரைக்கு அந்த வாரம் இரட்டை முறை வேலை, கழட்டியிருப்பார் என்று நம்பிப் பின்வாசலால் போய் வந்தாள். இதற்கிடையில் தகப்பனார் தகட்டைப் படம் பிடித்துக் கோவில் வாட்ஸப் குழுவில் போட்டு, நூறு பேரின் கைகூப்பும் மாலைப் படங்களும் வாங்கிவிட்டார். யார் முறையிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. குழுவில் இருந்த யாராவதாக இருக்கலாம், கீழ்வீட்டு ஜெர்மன் கிழவராக இருக்கலாம். பெயர் போடாத முறைப்பாடு படத்தோடு போனது. அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. உரிமையில்லாத பட்டத்தைப் பயன்படுத்தியதாகத் தகவல் கிடைத்திருப்பதால், விண்ணப்பதாரி நம்பகமானவரா என்பது தெளிவாகும்வரை தேர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது.

ஆதிரை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து டெர்மின் தாளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பித்தளைத் தகடு அன்றைக்கே கழன்று வந்தது.

சட்டத்தரணி சொன்னது ஒரே ஒரு வழி. தகட்டை மாட்டியது தான்தான், மகளுக்குத் தெரியாது, அவள் கழட்டச் சொன்னாள் என்று தகப்பன் நேரில் வந்து சொல்ல வேண்டும். தன் மகள் வைத்தியர் இல்லை என்பது தனக்குத் தெரியும் என்றும் சொல்ல வேண்டும்.

"மற்றதெல்லாம் சொல்லுறன்," என்றார் இராசலிங்கம். "கடைசியா இருக்கிறது ஏலாது."

"இஞ்சாருங்கோ," அம்மா பொறுமையிழந்தார். "வாயால ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சுபோவியளோ?"

"பெத்த வாயால அதைச் சொல்லோணுமோ? ஆறு வருசம் படிச்ச பிள்ளையை, டொக்டர் இல்லையெண்டு அந்நியன்ர முன்னால போய் நான் சொல்லோணுமோ?"

"நான் எல்லாருக்கும் ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொல்லிக்கொண்டு திரியிறன்!" ஆதிரையின் குரல் கிறீச்சிட்டது. "கடையில சொல்லுறன், கோவில்ல சொல்லுறன். எனக்கு மட்டும் அது இனிக்குதோ? உங்கட தகட்டாலதான் அப்பா இந்த நிலைமை."

இராசலிங்கம் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து நல்ல உடுப்புத் தேடத் தொடங்கினார்.

அலுவலகத்துக்கு ரயிலில் போனார்கள். இராசலிங்கம் கல்யாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார். ஃப்ராவ் கெல்னர் நேரில் பார்க்க நல்ல மனுஷி, தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்களோடு கோபப்பட முடியாதது ஆதிரைக்கு இன்னொரு கோபம். தகட்டை யார் மாட்டியது என்று கேட்டார். நான், என்றார் இராசலிங்கம். மகளுக்கு முன்பே தெரியுமா? தெரியாது. அவள் என்ன சொன்னாள்? கழட்டச் சொன்னாள், நான் கேட்கவில்லை.

"உங்கள் மகள் இந்த நாட்டில் வைத்தியர் அல்ல என்பது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்காக இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, இதே மாதிரி அதிகாரிகளின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர். அப்போது தன்னைப் பற்றிச் சொல்வது அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"என் மகள் வைத்தியர் இல்லை," என்றார் ஜெர்மன் மொழியில். இலக்கணப் பிழை ஒன்றுமில்லாமல், மெதுவாக. வழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார் போல.

கடை கடையாக அவள் சொல்லித் திரிந்த அதே வாக்கியம். அப்பா வாயால் கேட்டபோது ஆதிரைக்கு, இல்லை அப்பா, நான் டொக்டர்தான் என்று அந்த மேசையை அடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அதற்குத்தானே வந்தார்கள்.

திரும்பும் ரயிலில் அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்த ரயில் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார். வுப்பர்டால் வந்ததும், "சாப்பிட்டிட்டுப் படி," என்றார். அவ்வளவுதான்.

நிறுத்தி வைத்ததை விலக்கிக்கொண்டார்கள், தேர்வு பின்னொரு நாளில் நடந்தது. மூச்சுத் திணறலோடு படுத்திருந்த ஒரு பெண்மணியைப் பரிசோதிக்கக் கொடுத்தார்கள். மூன்று மருத்துவர்களும் மாறி மாறிக் கேட்டார்கள். இதயத்தின் ஒலியைக் கேட்டு வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது என்றாள், அடுத்து என்ன செய்வாய் என்று கேட்கக் கேட்கச் சொன்னாள். எல்லாம் முடிந்து வெளியே இருத்தி, திரும்பக் கூப்பிட்டு, தேறிவிட்டாய் என்றார்கள். கை கொடுத்துவிட்டு, அவர்களில் மூத்தவர் தோளைத் தடவினார். "வூஹானில் படித்திருக்கிறீர்கள். எனக்கும் இந்தத் தோள் பல நாளாக வலி. ஊசி குத்தத் தெரியுமா?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். ஆதிரையும் சிரித்தாள். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆத்திரத்திலா சந்தோஷத்திலா என்று தெரியாமல் அழுது தீர்த்தாள்.

அனுமதி வந்த அன்று இராசலிங்கம் அலுமாரிக்குள்ளிருந்து பழைய தகட்டை எடுத்து வந்தார். துடைத்துத் துடைத்து வைத்திருந்திருக்கிறார்.

"இப்ப போடலாம்தானே?"

"இல்லை அப்பா. வைத்தியர் எண்டு போடலாம். டாக்டர் எண்டு போடேலாது. அதுக்கு இன்னும் ஆராய்ச்சி செய்யோணும்."

"இன்னுமோ?"

"ஓம், இன்னும்."

"இவங்கள் மனுசரே!" என்றார். மறுநாள் வேலைக்குக் கொண்டுபோய், முன்னால் இருந்த பட்டத்தை இயந்திரத்தில் சுரண்டி எடுத்துவிட்டு, பெயருக்குக் கீழே வைத்தியர் என்று ஜெர்மனில் வெட்டிக்கொண்டு வந்து மாட்டினார். சுரண்டின இடம் மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது.

முதலில் பார்க்க வந்தவர் ஜேசுரட்ணம். வாழைப்பழச் சீப்பும் கையுமாக, நொண்டி நொண்டி வந்து தகட்டின் முன்னால் நின்றார். கதவைத் திறக்க இறங்கி வந்த ஆதிரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன பிள்ளை, டொக்டர் எண்டதை அழிச்சுப்போட்டாங்களே? பாஸ் எண்டெல்லோ கொப்பர் சொன்னவர்?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஷங்காயிலிருந்து தொடங்கிச் சொல்லலாம். அவர் ஒரு காலை ஊன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"எத்தினை நாளா இப்பிடி நொண்டுறியள்? குடும்ப டொக்டரிட்டப் போகச் சொன்னன், போனனீங்களோ?"

"அவன் என்ன செய்யப்போறான், குளிசைதான் தருவான். நீ ஊசி குத்துவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"இத்தினை நாளும்?"

"பின்ன? எங்கட பிள்ளை இருக்க அந்நியனிட்ட ஏன் போகோணும்."

ஆதிரைக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மீதும், தன் மீதும், அந்த மீன் பெட்டிக்குப் பக்கத்தில் தொடாமல் நின்ற தன் கைகள் மீதும். வாழைப்பழத்தை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அந்தப் படியில இருங்கோ மாமா. காற்சட்டையைச் சுருட்டுங்கோ."

அவர் இருந்து, காலை நீட்டினார். அவள் கீழே குந்தி, இரண்டு கைகளாலும் அந்த முழங்காலைப் பிடித்தாள். வீங்கிச் சூடாக இருந்தது.